ரூம் 3,200 ரூபாய்... கட்டச் சொன்னது 3,596! டூர் புக்கிங்கில் வரி எவ்வளவு, மற்றது எவ்வளவு?

எங்கள் ஊர் வெள்ளகோவிலில் தறிச் சத்தம் நிற்பது வருஷத்தில் சில நாள்கள்தான். தீபாவளிக்கு நிற்கும், பொங்கலுக்கு நிற்கும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் கலையும். எங்காவது வெளியூர் போவதென்றால் இந்த நாலு நாளுக்குள் போய்விட்டு வர வேண்டும்.

கடந்த பொங்கலுக்கு முன் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. என் அம்முச்சிக்கு (அம்மாவின் அம்மா) 70 வயது தாண்டிவிட்டது. பழனிக்கு நடந்தே போயிருக்கிறார். கொடுமுடியில் காவிரியில் முழுகி எழுந்திருக்கிறார். ஆனால், கடலைப் பார்த்ததே இல்லை.

"ராமேஸ்வரம் போலாமுங்க. புதுப் பாலத்தையும் பாத்த மாதிரி இருக்கும்" என்று அப்பாவிடம் அம்மா சொன்னார். 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தை, அது நடுவில் மேலே தூக்கிக்கொள்வதை, செல்போனில் எத்தனை முறை பார்த்திருப்பாரோ தெரியாது. ஏலச்சீட்டில் எடுத்து வைத்திருந்த 20,000 ரூபாயை மேசையில் வைத்தார். "இதுக்குள்ள முடிக்கோணும் கண்ணு" என்றார் என்னிடம். புக்கிங் பொறுப்பு எனக்கு. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிற பிள்ளை ஆயிற்றே!

ஒரு புக்கிங் ஆப்பில் லாட்ஜ் தேடினேன். நான்கு பேர் தங்கும் அறை, ஓர் இரவுக்கு 1,600 ரூபாய். இரண்டு இரவுக்கு 3,200. சரியென்று அடுத்த பக்கம் போனால், 'வரிகள் மற்றும் கட்டணங்கள்: ரூ.396' என்று ஒரு வரி. மொத்தம் 3,596.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாத்தியா அம்மணி... நூலுக்கு வரி, துணிக்கு வரி, இப்பத் தூங்கறதுக்கும் வரியா? நானூறு ரூவா!"

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. அதைத் தொட்டதும் கணக்கு பிரிந்தது.

• அறைக்கு ஜி.எஸ்.டி 5%: ரூ.160
• ஆப்பின் சேவைக் கட்டணம்: ரூ.200
• அந்தச் சேவைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி 18%: ரூ.36

அதாவது, அரசுக்குப் போவது 196 ரூபாய். ஆப் எடுத்துக்கொள்வது 200 ரூபாய். இரண்டையும் ஒரே வரியில் கட்டிப்போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எல்லாமே வரி என்றுதான் நினைப்பார்கள்.

இந்த வாரப் பத்தியில் நான் சொல்ல வருவது இதைத்தான். பில்லில் 'டாக்ஸ்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் வரி அல்ல. உண்மையான வரியும், நாம் எதை புக் செய்கிறோம் என்பதோடு, எந்த வழியில் புக் செய்கிறோம் என்பதையும் பொறுத்து மாறுகிறது. கோடை விடுமுறைக்கு டிக்கெட் போடும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஒரு போன் கால் செய்த வேலை

ஆப்பை மூடிவிட்டு, அந்த லாட்ஜுக்கே போன் செய்தேன். "நேரா புக் பண்ணுனா 1,600-தாங்க. நாங்க சின்ன லாட்ஜ், ஜி.எஸ்.டி-ல இல்ல" என்றார் எடுத்தவர்.

இது ஏமாற்று வேலையோ என்று எனக்கு முதலில் சந்தேகம். பிறகுதான் புரிந்தது. சேவைத் தொழில் செய்கிறவர்களின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், நம் மாநிலத்தில் அவர்கள் ஜி.எஸ்.டி-யில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. பதிவு இல்லாதவர் நம்மிடம் வரி வாங்கவும் முடியாது. ஆனால், அதே லாட்ஜின் அறை ஆப் வழியாக விற்கப்படும்போது, வரியை வாங்கி அரசுக்குக் கட்டும் பொறுப்பு ஆப் நிறுவனத்துக்கு வந்துவிடுகிறது. ஜி.எஸ்.டி சட்டத்தின் 9(5) பிரிவு சொல்வது இதுதான். ஒரே அறை, ஒரே கட்டில். போனில் கேட்டால் வரி இல்லை, ஆப்பில் கேட்டால் 5% வரி.

இங்கே ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். பதிவே இல்லாத சின்ன லாட்ஜ் வரி வாங்காமல் இருப்பது வேறு. ஜி.எஸ்.டி எண் வைத்திருக்கும் ஹோட்டல், 'பில் வேண்டாம்னா வரி இல்லை' என்று சொல்வது வேறு. இரண்டாவது வரி ஏய்ப்பு. அதில் நமக்கும் லாபமில்லை. நாளைக்கு அறையில் தண்ணீர் வரவில்லை, பணத்தைத் திருப்பித் தரவில்லை என்று புகார் செய்யக் கையில் ஒரு காகிதம்கூட இருக்காது.

நேரடியாக புக் செய்யும்போது ஆப் தருகிற பாதுகாப்பும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. நான் ஒரு நாள் வாடகையை மட்டும் முன்பணமாக அனுப்பினேன். தேதி, அறை வகை, வாடகை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அறை வாடகை: 7,500 என்ற கோடு

ஜி.எஸ்.டி கவுன்சிலின் 56-வது கூட்டம் 2025 செப்டம்பர் 3-ம் தேதி நடந்தது. அதில் முடிவான புதிய விகிதங்கள் செப்டம்பர் 22 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஹோட்டல் அறைக்கு இப்போதைய கணக்கு இது.

• ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை: 5% (முன்பு 12%)
• 7,500-க்கு மேல்: 18%

ஆயிரம் ரூபாய்க்குள் தங்குகிறவர்களின் கதை கொஞ்சம் சுற்றி வந்திருக்கிறது. 2022 ஜூலை 18 வரை அந்த அறைகளுக்கு வரியே இல்லை. அன்றிலிருந்து 12% ஆனது. இப்போது 5%. 900 ரூபாய் அறைக்கு ஒரு காலத்தில் வரி பூஜ்யம், பிறகு 108 ரூபாய், இப்போது 45 ரூபாய்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பதிவு பெற்ற அறக்கட்டளைகள் பக்தர்களுக்காகக் கோயில் வளாகங்களில் நடத்தும் அறைகளுக்கு, நாள் வாடகை 1,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் ஜி.எஸ்.டி கிடையாது. இந்த விலக்கு 2022-க்குப் பிறகும் தொடர்கிறது. புனிதத் தலங்களுக்குப் போகும்போது முதலில் அந்த அறைகள் காலியா என்று விசாரித்துவிட்டு அப்புறம் லாட்ஜ் தேடலாம்.

இப்போது அந்த 7,500 கோட்டுக்கு வருவோம். 7,500 ரூபாய் அறைக்கு வரி 375. மொத்தம் 7,875. அதே அறை சீஸனில் நூறு ரூபாய் ஏறி 7,600 ஆனால், வரி 1,368. மொத்தம் 8,968. நூறு ரூபாய் ஏறியதற்கு நம் கையிலிருந்து கூடுதலாகப் போவது 1,093 ரூபாய்.

எங்கள் பக்கத்து ஆள்களுக்கு இது புதிதல்ல. ரெடிமேட் துணியிலும் இதே கதைதான். ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5%, அதைத் தாண்டினால் 18%. திருப்பூரில் விலை போடுகிறவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்க எவ்வளவு யோசிப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ரூம் எடுக்கும் நாமும் அப்படி யோசிக்கலாம்.

ஓர் உதாரணம். காலை உணவோடு சேர்த்து அறை 7,800 ரூபாய் என்றால், 18% வரியோடு 9,204. உணவு இல்லாமல் அதே அறை 7,400 என்றால், 5% வரியோடு 7,770. வித்தியாசம் 1,434 ரூபாய். வெளியில் போய் இட்லி, பொங்கல், காபி என்று இரண்டு பேர் வயிறு முட்டச் சாப்பிட்டாலும் அவ்வளவு ஆகாது. அறையின் அட்டவணை விலை எதுவாக இருந்தாலும், அன்றைக்கு உண்மையில் வாங்கும் வாடகையை வைத்துத்தான் விகிதம் முடிவாகிறது. அதனால் விலை 7,500-க்குப் பக்கத்தில் இருந்தால் தயங்காமல் பேரம் பேசுங்கள்.

12 போய் 5 வந்தது... மீதி எங்கே?

"அப்ப ரூம் விலை ஏழு பர்சென்ட் குறைஞ்சிருக்கோணுமே?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. பதிலும் அவர் தொழிலிலேயே இருக்கிறது.

அப்பா நூல் வாங்கும்போது 5% வரி கட்டுகிறார். துணி விற்கும்போது 5% வரி வாங்குகிறார். வாங்கிய வரியிலிருந்து, நூலுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் அரசுக்குக் கட்டுகிறார். இதற்குப் பெயர் உள்ளீட்டு வரி வரவு. எங்கள் ஊரில் 'இன்புட்' என்றால் சின்னப் பையனுக்கும் தெரியும்.

12% இருந்த காலத்தில் ஹோட்டல்காரருக்கும் இந்த இன்புட் கிடைத்தது. பெயின்ட், ஏ.சி, சலவை, சென்னிமலையில் வாங்கிய படுக்கை விரிப்பு என்று எதற்கு வரி கட்டியிருந்தாலும் கழித்துக்கொள்ளலாம். இப்போதைய 5% வேறு மாதிரி. அதில் இன்புட் கிடையாது. அவர் கட்டும் வரியெல்லாம் அவருக்குச் செலவு. அந்தச் செலவில் கொஞ்சத்தை அறை வாடகையில் ஏற்றினால் நமக்குத் தெரியாது.

1,600 ரூபாய் அறைக்கு முன்பு வரியோடு 1,792. இப்போது 1,680. இது நமக்கு 112 ரூபாய் மிச்சம். ஆனால், ஹோட்டல்காரர் வாடகையை 1,700 ஆக்கிவிட்டால், வரியோடு 1,785. நமக்கு மிச்சம் 7 ரூபாய். 'வரி குறைஞ்சிருச்சு' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஏற்கெனவே தங்கிய ஹோட்டல் என்றால் பழைய பில்லை எடுத்து, வரிக்கு முந்தைய வாடகையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரயில்: ஸ்லீப்பருக்கு வரி இல்லை

வெள்ளகோவிலில் ரயில் நிலையம் இல்லை. ஈரோட்டுக்கோ கரூருக்கோ போய்த்தான் ஏற வேண்டும். அம்முச்சிக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று மூன்றடுக்கு ஏ.சி-யில் நான்கு டிக்கெட் போட்டேன். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதனால் அவருக்கும் முழுக் கட்டணம்தான்.

ரயில் டிக்கெட்டில் வரி இப்படி வருகிறது.

• ஏ.சி வகுப்புகள், முதல் வகுப்பு: 5%
• ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்பு, முன்பதிவில்லாப் பெட்டி: வரி இல்லை

ஐ.ஆர்.சி.டி.சி-யில் எடுத்தால் சேவைக் கட்டணம் தனி. யு.பி.ஐ-யில் கட்டினால் ஸ்லீப்பருக்கு 10 ரூபாய், ஏ.சி-க்கு 20 ரூபாய். கார்டு, நெட் பேங்கிங் என்றால் 15, 30. இதன்மேல் 18% ஜி.எஸ்.டி. அதனால்தான் ஸ்லீப்பர் டிக்கெட்டில் 11 ரூபாய் 80 காசு என்று வருகிறது. அந்த 1 ரூபாய் 80 காசு மட்டுமே வரி. இந்தக் கட்டணம் ஆளுக்கு அல்ல, ஒரு டிக்கெட்டுக்கு. குடும்பமாகப் போகும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போடாமல், ஒரே டிக்கெட்டில் ஆறு பேர் வரை போட்டுவிடலாம்.

வழியனுப்ப வருகிறவர்களுக்கும் ஒரு தகவல். பிளாட்பார டிக்கெட், ரயில் நிலைய ஓய்வறை போன்றவற்றுக்கான வரியை நீக்க 2024 ஜூனில் ஜி.எஸ்.டி கவுன்சில் முடிவெடுத்தது.

ரத்து செய்தால் அதற்கும் வரி

டிக்கெட் போட்ட இரண்டாம் நாள் அம்முச்சி போன் செய்தார். "எனக்கு அந்த ஏ.சி குளுரு ஒத்துக்காது கண்ணு. காத்தாடப் போற பொட்டியில போடு."

போச்சு! ஏ.சி டிக்கெட்டை ரத்து செய்தேன். ஆளுக்கு 180 ரூபாய் ரத்துக் கட்டணம். அதன்மேல் 5% ஜி.எஸ்.டி 9 ரூபாய். நான்கு பேருக்கு 756. சேவைக் கட்டணமாகக் கட்டிய 23 ரூபாய் 60 காசும் திரும்பாது. ஆக, 779 ரூபாய் 60 காசு காலி. லாட்ஜில் மிச்சம் பிடித்த 396-ஐப் போல இரு மடங்கை நானே ரயிலில் விட்டேன். அம்மாவிடம் சொல்லவே எனக்கு ஒரு நாள் ஆனது.

ரத்துக் கட்டணத்துக்கு ஏன் வரி? 2022 ஆகஸ்ட்டில் மத்திய நிதி அமைச்சகம் கொடுத்த விளக்கம் இது. டிக்கெட்டுக்கு என்ன விகிதமோ, அதை ரத்து செய்வதற்கும் அதே விகிதம். ஏ.சி டிக்கெட்டுக்கு 5% என்றால் ரத்துக் கட்டணத்துக்கும் 5%. ஸ்லீப்பருக்கு வரி இல்லை, எனவே அதன் ரத்துக் கட்டணத்துக்கும் இல்லை. ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் இதே முறைதான்.

நான் கற்றுக்கொண்ட பாடம் இது. வரியை மிச்சம் பிடிப்பதற்கு முன், வருகிற எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிக்கெட் போட வேண்டும்.

ஒரே பஸ், ஒரே சீட், இரண்டு விலை

திரும்பி வர ஆம்னி பஸ். ஏ.சி இல்லாத படுக்கை வசதி, ஆளுக்கு 800 ரூபாய். ஆப்பில் போட்டால் நான்கு பேருக்கு 3,200-உடன் 160 ரூபாய் ஜி.எஸ்.டி, அப்புறம் சேவைக் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி. ராமேஸ்வரத்தில் டிராவல்ஸ் அலுவலகத்துக்கே அப்பா நடந்து போய் எடுத்தார். 3,200 மட்டும்தான்.

காரணம் இதுதான். ஏ.சி இல்லாத பயணிகள் பேருந்துக்கு ஜி.எஸ்.டி விலக்கு உண்டு. ஆனால், 2022 ஜனவரி 1 முதல், ஆப் வழியாக எடுக்கும் பயணத்துக்கு அந்த விலக்கு கிடையாது. 5% வரி உண்டு. ஆட்டோவுக்கும் இப்படித்தான். தெருவில் கை காட்டி ஏறினால் வரி இல்லை, ஆப்பில் கூப்பிட்டால் வரி உண்டு. ஏ.சி பஸ்ஸுக்கு எங்கே எடுத்தாலும் 5%. ஏ.சி இல்லாத அரசுப் பேருந்தில் கண்டக்டரிடம் டிக்கெட் எடுத்தால் வரியே இல்லை.

எல்லோரும் கவுன்டருக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்குத் தனியாக பஸ் ஏறும் பெண்ணுக்கு, பஸ் எங்கே வருகிறது என்று செல்போனில் பார்க்க முடிவது பெரிய விஷயம். அதற்கு 40 ரூபாய் கொடுப்பது தப்பில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால், ஏ.சி பஸ் எடுக்க வசதியில்லாமல் சாதா பஸ்ஸில் போகிறவர், ஆப்பில் எடுத்தார் என்பதற்காகவே ஏ.சி பஸ்காரர் கட்டும் அதே 5% கட்டுவது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பேக்கேஜ், வேன், சொந்தக் கார், விமானம்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் 'ஆன்மிகச் சுற்றுலா' நோட்டீஸ் ஒட்டாத சுவர் குறைவு. தங்குமிடம், பயணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை வாங்கும் பேக்கேஜ் டூருக்கு, மொத்தத் தொகைக்கும் 5% ஜி.எஸ்.டி. தனியாக எடுத்தால் வரியே இல்லாத ஸ்லீப்பர் டிக்கெட்டும் அந்த மொத்தத்துக்குள் வந்துவிடும். ஆளுக்கு 6,000 என்றால் நான்கு பேருக்கு வரி 1,200. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அலைய முடியாது என்றால் பேக்கேஜ் நல்லதுதான். ஆனால், சொன்ன விலை வரியோடா, வரி இல்லாமலா என்று முதலிலேயே கேளுங்கள்.

டிரைவரோடு வாடகைக்கு எடுக்கும் கார், வேனுக்கு ஜி.எஸ்.டி-யில் பதிவு செய்தவர்கள் பொதுவாக வாங்குவது 5%. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் தெரிந்த அண்ணா பதிவில் இல்லையென்றால் வரி வாங்க மாட்டார், வாங்கவும் கூடாது.

சொந்தக் காரில் போனால் ஜி.எஸ்.டி இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம். பெட்ரோல், டீசல் இன்னும் ஜி.எஸ்.டி-க்குள் வரவில்லை. அதற்குப் பதிலாக மத்திய அரசின் கலால் வரியும் மாநிலத்தின் வாட் வரியும் ஒவ்வொரு லிட்டரிலும் சேர்ந்தே வருகின்றன. பில்லில் தனியாகக் காட்டாததால் நமக்கு வலிப்பதில்லை.

விமானத்தில் எகானமி வகுப்புக்கு 5%. பிரீமியம் எகானமி, பிசினஸ் வகுப்புகளுக்கு 12% ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18%. வெளிநாட்டு பேக்கேஜ் என்றால் டி.சி.எஸ் என்று இன்னொன்றும் பிடிப்பார்கள். அது விற்பனை வரி அல்ல. உங்கள் பெயரில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி. கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அதிகம் இருந்தால் திரும்ப வாங்கலாம். 10 லட்சம் ரூபாய் வரை 5%, அதற்குமேல் 20% என்று இருந்ததை, 2026 பட்ஜெட் ஒரே விகிதமாக 2% என்று குறைத்தது.

சாப்பாடும் தண்ணீரும்

சாதாரண உணவகத்தில் ஏ.சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜி.எஸ்.டி 5%. 7,500-க்கு மேல் வாடகையுள்ள ஹோட்டலுக்குள்ளே இருக்கும் உணவகத்தில் 18%. 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒன்று இருந்தால் அது வரியே அல்ல. அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னதை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்லலாம்.

பாட்டில் தண்ணீருக்கான வரி 18-லிருந்து 5% ஆனதால் ஒரு லிட்டர் ரயில் நீர் 15 ரூபாயிலிருந்து 14 ரூபாய் ஆனது. கலர் சோடா குடிக்கிறவர்களுக்கு மட்டும் 40%. இவையெல்லாம் அச்சிட்ட விலைக்குள்ளேயே அடக்கம். எம்.ஆர்.பி-க்கு மேல் 'ஜி.எஸ்.டி தனி' என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்

1. 'வரிகள் மற்றும் கட்டணங்கள்' என்ற வரியைத் தொட்டு விரித்துப் பாருங்கள். வரி எவ்வளவு, ஆப் எடுப்பது எவ்வளவு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

2. நீங்கள் கேட்காமலே டிக் அடித்து வைத்திருக்கும் காப்பீடு, நன்கொடை போன்றவற்றை நீக்குங்கள். இப்படிச் சேர்ப்பதும், கடைசிப் பக்கத்தில் மட்டும் விலையைக் கூட்டிக் காட்டுவதும் 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு விதிகளின்படி தவறு.

3. பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டு எண் 33-ல் தொடங்கும், கேரளா 32, புதுச்சேரி 34. எண் இல்லாமல் ஜி.எஸ்.டி வாங்கினால் கேள்வி கேளுங்கள். எண் உண்மையா என்று ஜி.எஸ்.டி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

4. ஒரே அறையை ஆப்பிலும் பாருங்கள், போனிலும் கேளுங்கள். இரண்டின் மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள்.

5. தப்பாக வாங்கிவிட்டார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்த 20,000 என்னாச்சு?

என் 779 ரூபாய் தண்டத்தையும் சேர்த்து, அம்மாவின் பணத்துக்குள்ளேயே முடிந்தது. கையில் கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது. அதில் அம்மா சங்கு ஒன்று வாங்கினார். அப்பா எல்லா பில்லையும் தறிக் கணக்கு நோட்டுக்குள் செருகி வைத்திருக்கிறார். "இன்புட் எடுக்க முடியாதுன்னாலும் இருக்கட்டும் அம்மணி" என்கிறார்.

ராமேஸ்வரத்தில் இறங்கிய அன்று காலை, அக்னி தீர்த்தக் கரையில் அம்முச்சி ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். கால் நனைகிற இடம் வரை போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரமாக வீட்டில் நடந்த வரிக் கணக்கெல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது போல.

"ஏங்கண்ணு, இதுக்கு டிக்கெட்டு எவ்வளவு?" என்றார்.

"இதுக்கு டிக்கெட்டே இல்ல அம்முச்சி."

"வரி?"

"அதும் இல்ல."

"அப்படீன்னா இன்னுங் கொஞ்ச நேரம் நிப்போம்" என்றார்.